சந்தாப் புத்தகமும் ஒரு கொப்பியும்: திருகோணமலையில் தொழிற்சங்க வேலை செய்வது எப்படி

முதல் மாதம் ‘சங்கம்’ என்ற சொல்லையே வாயில் எடுக்க வேண்டாம். சம்பளச் சீட்டைக் கேளுங்கள்.

தேநீர் நேரத்தில் பக்கத்தில் இருப்பவரிடம் “இந்த மாதம் ஓ.டி. எத்தனை மணித்தியாலம் போட்டிருக்கிறாங்கள்?” என்று கேட்டால் (ஓ.டி. என்பது மேலதிக நேர வேலை) பெரும்பாலானவர்கள் சீட்டை எடுத்துக் காட்டுவார்கள். அதை அவருக்கு வாசித்துக் காட்டுவதுதான் சங்க வேலையின் முதல் பாடம். கூட்டத்துக்கு வராதவர்கூடத் தன் சீட்டில் 3,000 ரூபா குறைகிறது என்று தெரிந்தால் மறுநாள் தானாகத் தேடி வருவார்.

சீட்டை வாசிக்கும் முறை

2026 ஜனவரியிலிருந்து நாட்டின் குறைந்தபட்ச மாதச் சம்பளம் 30,000 ரூபா. அந்தத் தொகையையே உதாரணமாக எடுப்போம். ஓய்வுக்காலச் சேமிப்பான ஊழியர் சேமலாப நிதிக்காகத் தொழிலாளியிடம் 8 வீதம், அதாவது 2,400 ரூபா வெட்டப்படும். முதலாளி தன் பங்காக 12 வீதம், 3,600 ரூபா போட வேண்டும். ஆக மாதாமாதம் 6,000 ரூபா நிதிக்குப் போக வேண்டும். இதைவிட ஊழியர் நம்பிக்கைப் பொறுப்பு நிதிக்கு 3 வீதம், 900 ரூபா. அது முழுக்க முதலாளியின் காசு. சம்பளச் சீட்டில் அந்த 3 வீதம் ‘கழிவு’ என்ற பத்தியில் நின்றால் அங்கேயே ஒரு பிழை பிடித்தாயிற்று.

அடிக்கடி நடப்பது வேறொன்று. 2,400 ரூபா ஒழுங்காக வெட்டப்படும், நிதிக்கு மட்டும் போகாது. இது சீட்டைப் பார்த்துத் தெரியாது. மத்திய வங்கியில் உள்ள கணக்கின் மீதியை அங்கத்துவ இலக்கத்தோடு ஒப்பிட்டால்தான் தெரியும். அங்கத்துவ இலக்கமே தெரியாதவர்கள் எத்தனை பேர் என்று எண்ணுங்கள். அந்த எண்ணிக்கையே உங்கள் முதல் கோரிக்கைக் கடிதத்துக்குப் போதும்.

இன்னொரு வித்தை, ஊக்கத்தொகை. மாதம் 45,000 தருகிறோம் என்று சொல்லி, 30,000ஐ அடிப்படைச் சம்பளமாகவும் 15,000ஐ ஊக்கத்தொகையாகவும் எழுதுவார்கள். அந்த 15,000க்குச் சேமலாப நிதி இல்லை என்றால் மாதம் 3,000 ரூபா போயிற்று. ஓ.டி. கணக்கிலும் அடிபடும், போகும்போது கிடைக்கும் பணிக்கொடையிலும் அடிபடும். உற்பத்தி கூடினாலும் குறைந்தாலும் ஒரே தொகையாக வரும் ‘ஊக்கத்தொகை’ உண்மையில் சம்பளம்தான் என்று வாதாட இடமுண்டு. அதற்கு ஆதாரமாகக் குறைந்தது ஆறு மாதச் சீட்டுகளைப் போனில் படம் எடுத்து வைத்திருங்கள். ஓ.டி. பணத்துக்குச் சேமலாப நிதி கிடையாது. அதைக் கேட்டுக் கடிதம் எழுதினால் மற்றக் கோரிக்கைகளின் மதிப்பும் கெட்டுவிடும்.

ஓ.டி. வீதம்: கடை, அலுவலக ஊழியர் சட்டத்துக்குள் வருபவர்களுக்கு மாதச் சம்பளத்தை 240ஆல் பிரித்து ஒன்றரை மடங்காக்க வேண்டும். 30,000க்கு அது மணிக்கு 187 ரூபா 50 சதம். தொழில்வாரியாகச் சம்பளம் நிர்ணயிக்கும் சம்பளச் சபைகளின் கீழ் வரும் தொழில்களில் வழக்கமாக 200ஆல் பிரிப்பார்கள், அப்போது 225 ரூபா. ஒரே வளவுக்குள் அலுவலகத்தில் இருப்பவரும் ஆலைக்குள் நிற்பவரும் வேறு வேறு கணக்கில் வருவார்கள். எல்லோருக்கும் 240ஆல் பிரித்துப் போடுவது நிர்வாகத்துக்கு இலாபம். இந்த இடத்தைத்தான் முதலில் பாருங்கள்.

யார் எங்கே நிற்கிறார்கள்

ஒரு பெரிய தாளில் வேலைத்தளத்தை வரையுங்கள். வாசல், களஞ்சியம், சமையலறை, பட்டறை, ஒவ்வொரு முறைமாற்றத்திலும் (ஷிஃப்ட்) எத்தனை பேர், எந்த ஊரிலிருந்து எப்படி வருகிறார்கள், யாருடைய பேச்சை மற்றவர்கள் கேட்கிறார்கள் என்பதெல்லாம் அதில் வர வேண்டும். அதிகம் சத்தம் போடுபவரைத் தலைவர் என்று நினைத்துவிடாதீர்கள். யாருக்காவது காய்ச்சல் என்றால் யாருக்கு முதலில் போன் போகிறது என்று கேட்டுப் பாருங்கள். ஆள் கிடைத்துவிடுவார்.

திருகோணமலையில் இந்தப் படத்துக்கு இன்னொரு நிறமும் தேவைப்படும். சீனக்குடாப் பக்கத்து ஆலையானாலும் நிலாவெளி ஹோட்டலானாலும் புல்மோட்டைக் கனிய மணல் ஆலையானாலும் தமிழரும் முஸ்லிம்களும் சிங்களவரும் ஒரே வாசலால்தான் நுழைகிறார்கள். ஒரு இனத்தாரை மட்டும் வைத்துத் தொடங்கிய சங்கத்தை உடைக்க நிர்வாகத்துக்கு ஒரு கிழமை போதும். மற்ற இரண்டு பக்கத்துக்கும் ஆளுக்கொரு மேற்பார்வையாளர் பதவி கொடுத்தால் முடிந்தது. ஆகவே முதல் ஏழு பேரிலேயே மூன்று பக்கமும் இருக்க வேண்டும். அதற்கு இரண்டு மாதம் கூடுதலாகப் பிடித்தாலும் பரவாயில்லை.

தமிழ்த் தொழிலாளர் பலர் ‘இடதுசாரி’ என்றதும் ஒரு அடி பின்வாங்குவார்கள். காரணம் இல்லாமல் இல்லை. 1966 ஜனவரி 8ஆம் திகதி, அரச அலுவல்களில் தமிழுக்கு இடம் தரும் தமிழ் மொழி விசேட ஏற்பாடுகள் சட்டத்தின் ஒழுங்குவிதிகளை எதிர்த்து நடந்த ஊர்வலத்தில் இடதுசாரிக் கட்சிகளான லங்கா சமசமாஜக் கட்சியும் கம்யூனிஸ்ட் கட்சியும் நின்றன. அதைச் சொல்லிக் காட்டுபவரோடு மல்லுக்கட்டாதீர்கள், ஒப்புக்கொள்ளுங்கள். அதே காலத்தில் பெரும்பான்மை சிங்கள உறுப்பினர்களைக் கொண்ட இலங்கை வர்த்தகத் தொழிலாளர் சங்கத்துக்கு 1948 முதல் 2014இல் இறக்கும்வரை பாலா தம்பு என்ற தமிழர் பொதுச் செயலாளராக இருந்தார் என்பதையும் சேர்த்துச் சொல்லலாம். அதற்குமேல் வரலாற்று விரிவுரை வேண்டாம். துண்டுப்பிரசுரம் இரண்டு மொழியிலும் ஒரே தாளில், முன்பக்கம் பின்பக்கமாக வரட்டும். இரண்டு தனித் தாளாக அச்சடித்தால் “அவங்கட தாளில வேற என்னமோ எழுதியிருக்கு” என்ற கதை மறுநாளே கிளம்பும்.

கூட்ட நேரமும் இதே போலத்தான். வெள்ளிக்கிழமை மதியம் ஜும்ஆ. நோன்பு மாதத்தில் பின்னேரம் நாலு மணிக்கு மேல் கூட்டம் வைத்தால் கிண்ணியா, மூதூர் ஆட்கள் நோன்பு திறக்க ஓட வேண்டிவரும். சிவராத்திரியை ஒட்டிக் கோணேசர் நகர்வலம் வரும் நாட்களில் நகரப் பக்கத்து ஆட்கள் கிடைக்கமாட்டார்கள். பௌர்ணமி விடுமுறையில் சிங்களத் தோழர்கள் ஊருக்குப் போய்விடுவார்கள். கடைசி பஸ் எத்தனை மணிக்கு என்பதை நிகழ்ச்சி நிரலின் முதல் வரியாகவே எழுதுங்கள். பெண்கள் வராத கூட்டங்களில் பாதி, பஸ்ஸைக் கணக்கில் எடுக்காத கூட்டங்கள். கோயில், பள்ளிவாசல், பன்சலை (பௌத்த விகாரை) மண்டபங்களைத் தவிர்த்துவிடுங்கள். ஒருவரின் வீட்டு முற்றமும் பத்துப் பிளாஸ்டிக் கதிரையும் போதும்.

முகவர் மூலம் வேலைக்கு வரும் மேன்பவர் ஆட்களை விட்டுவிடாதீர்கள். ஒரே இயந்திரத்தில் பக்கத்துப் பக்கத்தில் நிற்கும் இரண்டு பேரில் ஒருவருக்குக் கொம்பனியின் நியமனக் கடிதம் இருக்கும், மற்றவருக்கு ஒரு ஆள்சேர்ப்பு முகவரின் சீட்டுகூட இராது. பின்னாளில் “இவர் எங்கள் ஆளே இல்லை” என்று சொல்லப்படும்போது கைகொடுப்பவை வாசல் அனுமதி அட்டை, சீருடை, முறைப் பட்டியலின் படம், மேற்பார்வையாளர் வாட்ஸ்அப்பில் அனுப்பிய கட்டளைகள். இவற்றை இன்றே சேர்க்கத் தொடங்குங்கள். வேலை போன பிறகு அட்டையைப் பிடுங்கிவிடுவார்கள்.

ஹோட்டல்காரருக்கு ஒரு தனிக் குறிப்பு. உப்புவெளி, நிலாவெளிப் பருவம் சித்திரையில் தொடங்கிப் புரட்டாதியோடு படுத்துவிடும். வேலைநீக்கத்துக்கு எதிராக 1971ஆம் ஆண்டின் 45ஆம் இலக்கச் சட்டம் தரும் பாதுகாப்பு, முந்தைய 12 மாதத்தில் 180 நாள் வேலை செய்தவருக்கும் 15 அல்லது அதற்கு மேற்பட்ட தொழிலாளர் உள்ள இடத்துக்கும்தான். 170 நாளில் வீட்டுக்கு அனுப்பி, அடுத்த பருவத்தில் புதிய ஆளாக எடுப்பது தற்செயலாக நடப்பதில்லை. நாட்களைக் கொப்பியில் எண்ணிக்கொண்டு வாருங்கள்.

ஏழு பேரும் பதிவும்

1935ஆம் ஆண்டின் 14ஆம் இலக்கத் தொழிற்சங்கக் கட்டளைச் சட்டப்படி ஏழு பேர் சேர்ந்தால் சங்கம் அமைக்கலாம். அமைத்த மூன்று மாதத்துக்குள் பதிவுக்கு விண்ணப்பிக்க வேண்டும். தொழிற்சங்கப் பதிவாளர் என்பவர் தொழில் ஆணையாளர் நாயகமே. அவரது தலைமையகம் கொழும்பு நாரஹேன்பிட்டியில் இருக்கிறது.

ஆனாலும் தனிச் சங்கம்தான் வேண்டுமா என்று யோசியுங்கள். ஐம்பது பேருக்குக் குறைந்த இடத்தில், ஏற்கெனவே பதிவான ஒரு சங்கத்தின் கிளையாகச் சேர்வதே புத்தி. சட்டத்தரணி, கடிதத் தலைப்பு, கணக்காய்வு, கொழும்பு ஓட்டம் எல்லாம் அங்கே தயாராக இருக்கும். சேருமுன் மூன்று கேள்வி கேளுங்கள். எங்கள் சந்தாவில் எத்தனை வீதம் கிளையில் தங்கும்? எங்கள் தகராறில் முடிவு எடுப்பது நாங்களா தலைமையகமா? தமிழில் எழுதிய கடிதத்துக்குத் தமிழில் பதில் வருமா? மூன்றாவது கேள்விக்குத் தடுமாறினால் வேறு சங்கம் பாருங்கள்.

தனியாகவே பதிவதென்றால், சங்கத்தின் விதிகளான யாப்பை வேறொரு சங்கத்திலிருந்து அப்படியே பிரதி எடுக்காதீர்கள். பழைய யாப்புகளில் ஆண்டுக் கூட்டத்துக்கு நிறைவெண் (கூட்டம் செல்ல வந்திருக்க வேண்டிய குறைந்தபட்ச ஆட்கள்) மொத்த உறுப்பினரில் பாதி என்று இருக்கும். மூன்று முறைமாற்றம் ஓடும் ஆலையில் பாதிப் பேரை ஒரே நேரத்தில் ஒரே இடத்தில் காண முடியாது. கூட்டம் செல்லாமல் போகும், தெரிவு செல்லாமல் போகும், பிறகு நிர்வாகம் அதையே தூக்கிப் பிடிக்கும். நாலில் ஒரு பங்கு போதும். நிர்வாகிகளில் குறைந்தது பாதிப் பேர் அந்தத் தொழிலில் உண்மையாகவே வேலை செய்பவர்களாக இருக்க வேண்டும் என்பது சட்டம். வெளியிலிருந்து வரும் தோழர்களால் மட்டும் நாற்காலிகளை நிரப்ப முடியாது, நிரப்பவும் கூடாது. பதிவு முகவரியாக யாருடைய வாடகை வீட்டையும் கொடுக்காதீர்கள். வீடு மாறியதும் பதிவாளரின் கடிதம் காணாமல் போகும். ஆண்டுக் கணக்கு அனுப்பாமல் பதிவை இழந்த சங்கங்கள், அடிதடியால் அழிந்த சங்கங்களைவிட அதிகம்.

அரசாங்க ஊழியரின் சங்கங்களுக்கு விதி வேறு. தனியார் துறையினரோடு ஒரே சங்கத்தில் அவர்களைச் சேர்க்க முடியாது.

சந்தா

சம்பளத்திலிருந்து நேராகவே சந்தாவை வெட்டித் தரும்படி நிர்வாகத்தைக் கேட்பது வசதிதான். முதல் இரண்டு வருடம் அந்த வசதி வேண்டாம். கையால் வாங்குங்கள். மாதம் 100 ரூபா வாங்கப் போகும்போதுதான் ஒருவரின் முகத்தைப் பார்க்கிறீர்கள், அவருடைய குறையைக் கேட்கிறீர்கள், அவர் விலகப் போகிறாரா என்பதும் அப்போதுதான் தெரியும். மேலும் நிர்வாகம் ஒரு கையொப்பத்தால் வெட்டுவதை நிறுத்தினால் சங்கம் மறுமாதமே பட்டினி.

இலக்கமிட்ட பற்றுச்சீட்டுப் புத்தகம், காபன் தாளோடு. 50 சீட்டுக் கொண்ட புத்தகமே நல்லது, 100 வேண்டாம். ஒரு புத்தகம் தொலைந்தால் போகும் கணக்கு சின்னதாக இருக்கட்டும். ஒரு சேகரிப்பாளருக்கு 15 பேருக்குமேல் கொடுக்காதீர்கள். சம்பளம் விழுந்த மூன்று நாளுக்குள் வாங்காத சந்தா அந்த மாதம் கிடைக்காது. சீட்டில் பிழை வந்தால் கிழிக்காமல், குறுக்கே கோடு போட்டு ‘இரத்து’ என்று எழுதி இரண்டு பிரதியையும் புத்தகத்திலேயே விடுங்கள். காணாமல் போன 27ஆம் இலக்கச் சீட்டை வைத்து ஒரு பொருளாளரையே கள்ளனாக்கிவிடலாம். கையில் 5,000 ரூபாவுக்குமேல் வைத்திராமல் வங்கியில் போடுங்கள். இரண்டு கையொப்பம், ஒரே குடும்பத்து ஆட்கள் கூடாது. மாதக் கணக்கை ஒரு தாளில் எழுதிச் சாப்பாட்டு அறையில் ஒட்டுங்கள். வாசிப்பவர் நாலு பேராக இருந்தாலும் ஒட்டியிருக்கிறது என்பது நானூறு பேருக்குத் தெரியும்.

கட்சிக் காசும் சங்கக் காசும் ஒரே பையில் கலக்கவே கூடாது. மே தின பஸ்ஸுக்குக்கூடத் தனிச் சேகரிப்பு, தனிச் சீட்டு.

கொப்பி

நீலக் கரைக் கொப்பி ஒன்று, பக்கங்களுக்கு இலக்கமிட்டு. தனித்தாளில் எழுதினால் நடுவில் செருகினது என்பார்கள். ஒரு பதிவு இப்படி இருக்க வேண்டும்:

“செவ்வாய், பி.ப. 2.20. இரண்டாம் களஞ்சிய வாசல். மேற்பார்வையாளர் சொன்னது: ‘சங்கத்தில சேர்ந்தா அடுத்த மாதம் ஒப்பந்தம் புதுப்பிக்க மாட்டம்.’ கேட்டவர்கள் மூன்று பேர் (பெயர்கள் பின் அட்டையில்). எழுதிய நேரம் 3.10.”

சொன்னவரின் வார்த்தையை அவர் சொன்ன மொழியிலேயே எழுதுங்கள். சிங்களத்தில் சொன்னதைத் தமிழில் எழுதினால் விசாரணையில் “நான் அப்படிச் சொல்லவில்லை” என்று எளிதாகத் தப்பிவிடலாம். ‘மிரட்டினார்’, ‘கேவலமாகப் பேசினார்’ என்பவை உங்கள் அபிப்பிராயம். பதிவில் அவற்றுக்கு இடமில்லை. மேலே உள்ள வசனம் தொழில் பிணக்குகள் சட்டத்தின் 32அ பிரிவுக்கு நேராகப் போகும். 1999இல் சேர்க்கப்பட்ட அந்தப் பிரிவு, சங்கத்தில் சேராதே என்று நிர்ப்பந்திப்பதையும், சேர்ந்ததற்காக வேலைநீக்குவதையும், சங்கம் அமைப்பதில் தலையிடுவதையும் நியாயமற்ற தொழில் நடைமுறை என்கிறது.

கோரிக்கைக் கடிதம்

அதே 32அ பிரிவில் இன்னொரு வரி இருக்கிறது. யாருக்காகப் பேரம் பேசப் போகிறீர்களோ அவர்களில் 40 வீதத்துக்குக் குறையாதவர்கள் உங்கள் சங்கத்தில் இருந்தால், முதலாளி பேச மறுக்க முடியாது. 180 பேருக்கு 72. கையில் 72 பேர் வந்ததும் கடிதம் எழுதிவிடாதீர்கள். எண்ணிக்கையைச் சரிபார்க்கத் தொழில் திணைக்களம் வாக்கெடுப்பு நடத்துவதற்குள் இடமாற்றம், பதவி உயர்வு, திடீரென்று முளைக்கும் ‘ஊழியர் நலன்புரிச் சபை’ எல்லாம் வந்துவிடும். 100 பேர் கையொப்பமிட்ட பிறகு எழுதுங்கள்.

கோரிக்கை ஐந்துக்குமேல் போகவேண்டாம். அதில் ஒன்றாவது மறுநாளே கொடுக்கக்கூடியதாக இருக்க வேண்டும்: கழிப்பறைக் கதவு, குடிநீர், இரவு முறைக்குப் போக்குவரத்து. அதை வென்றால்தான் மற்ற நாலுக்கும் ஆட்கள் நிற்பார்கள். ‘நியாயமான சம்பள உயர்வு வேண்டும்’ என்று எழுதினால் ‘நியாயமானதைத்தான் தருகிறோம்’ என்று பதில் வரும். ‘மேலதிக நேரக் கொடுப்பனவு மாதச் சம்பளத்தின் 200இல் ஒரு பங்கை அடிப்படையாகக் கொண்டு கணக்கிடப்பட வேண்டும், கடந்த 12 மாத நிலுவை வழங்கப்பட வேண்டும்’ என்று எழுதினால் கணக்கோடுதான் பதில் சொல்லியாக வேண்டும். பதிலுக்கு 14 நாள் கொடுங்கள். ஒரு பிரதியைப் பதிவுத் தபாலில் அனுப்புங்கள், ஒன்றைக் கையில் கொடுத்து இரண்டாம் பிரதியில் முத்திரை வாங்குங்கள், மூன்றாவது தொழில் அலுவலகத்துக்கு. தபால் பற்றுச்சீட்டைக் கொப்பியில் ஒட்டுங்கள்.

பதில் வராவிட்டால் தொழில் அலுவலகத்தில் முறைப்பாடு. கோப்பு இலக்கத்தை வாங்காமல் திரும்ப வேண்டாம். இரு பகுதியையும் அழைக்கும் நாளில் கொம்பனிப் பிரதிநிதி வராமல் தவணை வாங்குவது வழக்கம். ஒவ்வொரு தவணைக்கும் தொழிலாளி ஒரு நாள் சம்பளத்தை இழக்கிறார், எதிர்ப்பக்கம் காத்திருப்பதும் அதற்காகத்தான். ஆகவே பாதிக்கப்பட்டவர்கள் எல்லோரும் போகாமல், இரண்டு பேர் மாறி மாறிப் போங்கள். இணக்கம் வராத பிணக்கைத் தொழில் அமைச்சர் 4(1) பிரிவின் கீழ் நடுத்தீர்ப்புக்கு அனுப்பலாம். அது மெதுவான பாதை.

குற்றப்பத்திரம் வந்தால்

நீங்கள் துடியாட்டமாகச் சங்க வேலை செய்தால் நிர்வாகத்தின் குற்றப்பத்திரம் உங்களுக்குத்தான் முதலில் வரும். பதற வேண்டாம், அன்றே பதில் எழுதவும் வேண்டாம். வாங்கியதற்குக் கையொப்பமிடுங்கள், பக்கத்தில் திகதியும் நேரமும் எழுதுங்கள். ஆங்கிலத்திலோ சிங்களத்திலோ இருந்து விளங்காவிட்டால் ‘எனக்கு விளங்கும் மொழியில் தரப்படவில்லை’ என்று அங்கேயே எழுதுங்கள். அவகாசம் போதாது என்றால் எழுத்தில் நீட்டிப்புக் கேளுங்கள். உள்ளக விசாரணைக்குச் சங்கப் பிரதிநிதியை அனுமதிக்கும்படியும் எழுத்தில் கேளுங்கள். மறுத்தால் அந்த மறுப்பும் உங்கள் கோப்பில் ஒரு தாள்.

அறைக்குள் கூப்பிட்டு “நீங்களே விலகினால் நல்ல சேவைச் சான்றிதழ் தருகிறோம்” என்பார்கள். விலகல் கடிதத்தில் கையொப்பம் வைத்தவுடன் வேலைநீக்கம் என்ற பேச்சே போய்விடும். பிறகு வற்புறுத்தி வாங்கினார்கள் என்று நீங்கள்தான் நிரூபிக்க வேண்டும். வெற்றுத் தாளில் கையொப்பம் கேட்டால் எழுந்து வந்துவிடுங்கள்.

வேலைநீக்கப்பட்டால் ஆறு மாதத்துக்குள் தொழில் நியாயசபைக்கு விண்ணப்பிக்க வேண்டும். உறுப்பினருக்காகச் சங்கமே விண்ணப்பிக்கலாம். “பேசித் தீர்ப்போம், கொஞ்சம் பொறுங்கள்” என்று ஐந்து மாதம் இழுத்தடிப்பது பழைய தந்திரம். பேச்சு நடக்கட்டும், மூன்றாம் மாதம் விண்ணப்பத்தையும் போட்டுவிடுங்கள். நியாயசபை சாட்சியத்தைப் புதிதாகக் கேட்கும், அங்கேதான் அந்தக் கொப்பி பேசும். ஐந்து வருடச் சேவை முடித்தவர், 15 பேருக்குக் குறையாத இடத்தில், பணிக்கொடையைத் தனியாகக் கேட்க வேண்டும்: கடைசி மாதச் சம்பளத்தில் பாதி, ஒவ்வொரு வருடத்துக்கும். 40,000 வாங்கிய 12 வருடக்காரருக்கு 2,40,000 ரூபா. முப்பது நாளுக்குள் கொடுபட வேண்டிய பணம் இது.

வேலைநிறுத்தம்

அரிசிக் கணக்குப் போடாமல் அறிவிக்காதீர்கள். நாலு பேர் குடும்பத்துக்குக் கிழமைக்கு 10 கிலோ. அறுபது குடும்பமென்றால் 600 கிலோ, மூன்று கிழமைக்கு 1,800. அதைவிடப் பருப்பு, பால்மா, பிள்ளைகளின் வான் காசு. கடைக்காரரோடு முன்கூட்டியே கடன் பேசுங்கள். அடகு வட்டி கட்டும் நாள் யாருக்கு எப்போது என்றும் கேட்டு வையுங்கள். ஆட்கள் வேலைக்குத் திரும்புவது பெரும்பாலும் பயத்தால் அல்ல, அந்த நாள் வந்துவிட்டதால்.

வாக்கெடுப்பு இரகசியமாக, ஒவ்வொரு முறைமாற்றத்திலும் பெட்டி வைத்து நடக்க வேண்டும். கைதூக்கிய வாக்கில் 90 வீதம் வரும், வாசலில் 50 வீதம்தான் நிற்கும். உங்கள் தொழில் ‘அத்தியாவசியக் கைத்தொழில்’ என்று கட்டளையிடப்பட்டிருந்தால் 21 நாள் எழுத்து அறிவித்தல் வேண்டும். துறைமுகம், எரிபொருள், போக்குவரத்துக்காரர் 1979ஆம் ஆண்டின் 61ஆம் இலக்க அத்தியாவசியப் பொதுச் சேவைகள் சட்ட வர்த்தமானியையும் தினமும் பார்க்க வேண்டும். அது வெளிவந்த பிறகு வேலைக்கு வராமல் இருப்பதே குற்றமாகும். 1980 ஜூலையில் 300 ரூபா சம்பள உயர்வு கேட்டு இறங்கியவர்களில் ஏறத்தாழ 40,000 பேர் வேலை இழந்தார்கள். எப்போது உள்ளே திரும்புவது என்பதையும் வெளியே வரும் நாளிலேயே பேசி வைத்திருங்கள்.

சோசலிசம் எங்கே வருகிறது

வாசலில் கட்சிப் பத்திரிகை விற்பதில் அல்ல. அது வரலாம், பின்னால் வரட்டும். பதினைந்து நாளுக்கு ஒருமுறை, ஆறு ஏழு பேர், ஒரு மணித்தியாலம் உட்காரும் படிப்பு வட்டத்தில். உபரி மதிப்பு என்று தொடங்கினால் கொட்டாவி வரும். “நீங்கள் துடைக்கும் அறை ஒரு இரவுக்கு என்ன விலை? ஒரு நாளைக்கு எத்தனை அறை துடைக்கிறீர்கள்? உங்கள் நாட்கூலி என்ன?” என்று கேட்டு, விடையைக் கரும்பலகையில் எழுதி, விளக்குக் காசு, சவர்க்காரக் காசு எல்லாவற்றையும் அவர்களையே கழிக்கச் சொல்லுங்கள். மீதிக்கு என்ன பெயர் வைப்பது என்று அவர்களே கேட்பார்கள். அன்று புத்தகம் கொடுக்கலாம்.

உங்கள் வீட்டுக்கும் கொஞ்சம். கிழமையில் இரண்டு பின்னேரமாவது சங்கத்துக்கு இல்லை என்று வைத்துக்கொள்ளுங்கள். குடிப்பழக்கமும் கைமாற்றுக் கடனும் கூடவே கூடாது. மேற்பார்வையாளரிடம் 2,000 ரூபா கடன்பட்ட செயலாளர் பேச்சுவார்த்தை மேசையில் பேசமாட்டார். நிர்வாகத்தோடு தனியாகத் தேநீர்கூட வேண்டாம், எப்போதும் இரண்டாவது ஆள் ஒருவர் பக்கத்தில் இருக்க வேண்டும்.

அந்த இரண்டாவது ஆளை முதல் வருடத்திலேயே தேர்ந்தெடுத்துப் பழக்குங்கள், முடிந்தால் வேறு மொழி பேசுபவராக, வேறு முறையில் நிற்பவராக. பதிவுச் சான்றிதழின் மூலப் பிரதி எங்கே, வங்கிப் புத்தகம் யாரிடம், தொழில் அலுவலகக் கோப்பு இலக்கங்கள் எவை, எந்தப் பற்றுச்சீட்டுப் புத்தகம் யார் கையில், அடுத்த தவணை எந்தத் திகதி என்பவற்றை ஒரே தாளில் எழுதி அவரிடம் ஒரு பிரதி கொடுங்கள். மாதத்துக்கு ஒருமுறை, சந்தா சேர்த்து முடிந்த அடுத்த நாள், அந்தத் தாளைத் திருத்தி எழுதுங்கள்.